பொருளடக்கத்தில் ஒரு கண்

அத்தியாயம் 4

“குற்றவாளி யாருன்னு எனக்குத் தெரியும். நீங்க ஆதாரத்தை மட்டும் கொண்டு வாங்க, போதும்,” என்றார் வார இதழின் ஆசிரியர்.

எதிரே துப்பறிவாளர் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் காப்பீட்டு நிறுவனத்தில் பதினெட்டு வருடம் பொய்க் கோரிக்கைகளைப் பிரித்துப் படித்தவர். வீடு தீப்பிடிப்பதற்கு முதல் நாளே சோபாவை மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்ட புத்திசாலிகளையெல்லாம் பார்த்தவர். முடிவை முதலில் சொல்லிவிட்டு வழியைத் தேடச் சொல்கிறவர்களை அவர் தடுப்பதில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு நிறையப் பேசவிடுவார்.

அவருடைய உதவியாளனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அணைக்கவே முடியாது என்பதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர்.

“பாதி வேலை முடிஞ்சுது மேடம். தண்டனையையும் சாரே முடிவு பண்ணிட்டா நாம காபியைக் குடிச்சிட்டுக் கிளம்பிடலாம்.”

“அதுவும் முடிவாயிடுச்சு,” என்றார் ஆசிரியர். கிண்டல் அவருக்கு உறைக்கவில்லை. “பதிப்பாளர் சாயங்காலம் வர்றார். வேலைநீக்கக் கடிதம், போலீஸ் புகார், ரெண்டும் டைப் பண்ணி வெச்சாச்சு. அஞ்சு மணிக்குக் கையெழுத்து. ஆதாரம் இல்லாம கையெழுத்து போட மாட்டேன்னு பிடிவாதம் பிடிக்கிறார். வயசாயிடுச்சு, வேறென்ன.”

மணி மூன்று பத்து.

விஷயம் இதுதான். ஒரு வருடத்துக்கு முன் ஒரு பாலம் விழுந்தது. பாலம் கட்டிய ஒப்பந்தக்காரரும் அதோடு ஆற்றில் போய்விட்டார் என்று ஊரே நம்பியது. அவர் உயிரோடு, வேறு பெயரில், வேறு ஊரில் இருப்பதை இந்த இதழின் நிருபர் ஒருவர் ஐந்து மாதம் அலைந்து கண்டுபிடித்தார். புகைப்படமும் எடுத்தார். நாளை, வெள்ளிக்கிழமை, அந்தச் செய்தி வெளிவருவதாக இருந்தது. ஆனால் நேற்றே போட்டி இதழில் வந்துவிட்டது. அட்டையில் ஒப்பந்தக்காரரின் கோட்டோவியம். அதற்குக் கீழே, ‘எங்கள் நிருபர் நேரில் கண்டபடி.’

“பக்கம் கட்டுற பொண்ணுதான்,” என்றார் ஆசிரியர். “அவ அண்ணன் அந்தப் பத்திரிகையிலதான் இருக்கான். இதுக்கு மேல என்ன வேணும்?”

“இந்த இதழோட மாதிரிப் பக்கங்கள் வேணும்,” என்றார் துப்பறிவாளர்.

ஆசிரியர் முகம் மலர்ந்தது. கட்டைத் திருப்பி, மூன்றாம் பக்கத்தை மேலே வைத்து நீட்டினார்.

“முதல்ல பொருளடக்கத்தைப் பாருங்க. முன்னாடியெல்லாம் ரயில் அட்டவணை மாதிரி இருக்கும். தலைப்பு, புள்ளி புள்ளி, பக்க எண். செத்த பக்கம். இப்ப எட்டுத் தலைப்புக்கும் எட்டுப் படம். இடது ஓரத்துல வட்டம் வட்டமா. படம் வாசகனோட கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும் மேடம். ரெண்டு நாள் கருத்தரங்குல உக்காந்து நான் கொண்டு வந்த யோசனை.”

“ஏழாவது வட்டத்துல ஒரு கண்ணு மட்டும் இருக்கே?” என்றான் ரேடியோ.

“அதுதான் ஒப்பந்தக்காரர். முழு முகத்தையும் காட்டிட்டா ரகசியம் போயிடும். கண்ணு மட்டும் காட்டினா வாசகன் பக்கத்தைத் தேடி ஓடுவான். அந்த ஒரு கண்ணுக்காகவே இந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம்.”

ஆசிரியர் முதுகுக்குப் பின்னால் ஏற்கெனவே பதினொரு சான்றிதழ்கள் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தன. சிறந்த தலையங்கம், சிறந்த அட்டை, ஒரு ரத்த தான முகாம். பன்னிரண்டாவது இடத்தில் ஒரு புது ஆணி மட்டும் பளபளத்தது.

துப்பறிவாளர் எழுந்தார். “அந்தப் பொண்ணைப் பாக்கணும்.”

பக்கம் கட்டும் அறை மாடிப்படிக்குப் பின்னால் இருந்தது. இரண்டு கணினிகள், ஒரு ஜன்னல், கொடியில் துணி காய்வதுபோல் கிளிப்பில் தொங்கும் அச்சுத் தாள்கள். வாசலில் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் இவர்களைக் கண்டதும் பேச்சை நிறுத்தி, உள்ளே இருந்தவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். கால் அங்குலம் கோணினாலும் பக்கத்தைத் திருப்பி அனுப்புகிறவள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு அங்குலம் என்று பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து ஜோசியப் பக்கத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மேசை இழுப்பறை காலியாக இருந்தது. காலடியில் ஓர் அட்டைப் பெட்டி, கட்டிய கயிறோடு.

“யாரு எடுத்து வைக்கச் சொன்னது?” என்றார் துப்பறிவாளர்.

“யாரும் சொல்லல. அஞ்சு மணிக்கு எல்லாரும் பாக்க எடுத்து வைக்க வேண்டாம்னுதான்.”

“உங்க அண்ணன் அங்க என்ன வேலை பாக்கறார்?”

“வேன் ஓட்டறார். பத்திரிகையில இருக்கேன்னு வெளியில சொல்லிக்குவார்.”

“பேச்சுவார்த்தை உண்டா?”

“ரெண்டு வருஷமா இல்ல. அவர் பாத்த மாப்பிள்ளையை நான் வேண்டாம்னேன். இப்ப அந்த மாப்பிள்ளையும் அவர்கிட்ட பேசறதில்ல. அதுக்கும் நான்தான் காரணமாம்.”

“அக்கா, இவ்வளவு பகைக்கு நடுவுல செய்தியைக் கடத்தறது ரொம்பக் கஷ்டம்,” என்றான் ரேடியோ. அவள் சிரிக்கவில்லை.

“இந்த வேலை போனாப் பரவாயில்ல மேடம். வேற தேடிக்கலாம். ஆனா பக்கத்தை வித்தவள்னு பேர் வந்துட்டா எந்த ஆபீஸ்ல கம்ப்யூட்டரைத் தொட விடுவாங்க? இந்த ஒரு தொழில்தான் தெரியும் எனக்கு.”

துப்பறிவாளர் போட்டி இதழை மேசைமேல் விரித்து ரேடியோவைப் படிக்கச் சொன்னார். அவன் செய்தி வாசிப்பவர் குரலில் தொடங்கினான்.

“‘கடலைப் பார்த்த ஒரு மேசை. அதில் அமர்ந்து அவர் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். தலைமறைவு வாழ்க்கைக்காக இடக்கையால் எழுதவும் பழகிவிட்டார். இடது கன்னத்தில் இருந்த மச்சத்தைக்கூட அறுவைச் சிகிச்சை மூலம் வலது கன்னத்துக்கு மாற்றிக்கொண்டுள்ளார்…’ மேடம், மச்சம் வேண்டாம்னா எடுத்துடலாம். மாத்தி எதுக்கு வைக்கணும்? வீடு மாத்தறப்ப பழைய சாமானைக் கூடவே கொண்டுபோற மாதிரி?”

“அவர் இப்ப என்ன பேர்ல இருக்கார்னு எழுதியிருக்கா?”

“இல்ல.”

“ஊர் பேரு? என்ன தொழில்?”

“இல்ல. கடல்தான் இருக்கு.”

“கடல் இல்ல,” என்றாள் அங்குலம். “அணைக்கட்டு. கட்டுரையில முதல் வரியிலயே இருக்கு. பேரும் ஊரும் தொழிலும் எல்லாமே இருக்கு.”

“அப்ப இவங்க கட்டுரையைப் படிக்கவே இல்ல,” என்றார் துப்பறிவாளர். “கண்ணுக்குத் தெரியறது மட்டும்தான் எழுதியிருக்காங்க. போயிருக்கறது படம். பதினாலாம் பக்கத்தைக் காட்டுங்க.”

பதினாலாம் பக்கத்தில் புகைப்படம் பெரிதாக இருந்தது. தண்ணீர், மேசை, கடிதம். ஒப்பந்தக்காரர் சற்றே திரும்பி இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சம் இடது கன்னத்தில், ஒரு வருடத்துக்கு முன்பு எங்கே இருந்ததோ அங்கேயே. பேனா வலது கையில்.

ரேடியோ ஓவியத்தையும் புகைப்படத்தையும் மாறி மாறிப் பார்த்தான். “நேரில் கண்ட நிருபர் கண்ணாடியில கண்டிருக்கார் மேடம். படம் இடம் வலமா மாறிப் போயிருக்கு. அதுக்கு ஒரு டாக்டரை வேற கூட்டிட்டு வந்துட்டாங்க.”

துப்பறிவாளர் அவள் பக்கம் திரும்பினார். “இந்தப் படத்தை எங்கயாவது திருப்பி வெச்சிருக்கா?”

அவள் கை மவுஸின் மேல் நின்றது. பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தால் அந்த ஒரு நொடி போதும். அவள் அதைப் பயன்படுத்தவில்லை.

“ஒரே ஒரு இடத்துல. பொருளடக்கத்துல. நான்தான் திருப்பினேன்.”

“எதுக்கு?”

“படத்துல இருக்கறவங்க எழுத்தைப் பாக்கணும். வெளியில பாத்தா வாசகனும் பக்கத்தை விட்டு வெளியில போயிடுவான். பதினாலாம் பக்கத்துல படம் வலது ஓரம், அவர் எழுத்தைத்தான் பாக்கறார். பொருளடக்கத்துல வட்டமெல்லாம் இடது ஓரத்துல. அப்படியே வெச்சா கண்ணு சுவத்தைப் பாக்கும். அதான் திருப்பினேன். பக்கம் கட்டற எல்லாரும் செய்யறதுதான்.”

“கேட்டீங்களா!” வாசலில் ஆசிரியர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. “திருப்பினது அவ. போனது திருப்பின படம். அவ வாயாலயே ஒத்துக்கிட்டா. எழுதிக்குங்க மேடம்!”

ரேடியோ முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினான். “நாம தேடிக் கண்டுபிடிச்ச ஆதாரத்தை நாமளே அக்கா கழுத்துல மாட்டிட்டோம் போலிருக்கே.”

துப்பறிவாளர் பொருளடக்கத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வட்டம் ஒரு நாணயத்தின் அளவுதான். உள்ளே ஒரு கண், அரைப் புருவம்.

“இதுல மச்சம் எங்க இருக்கு? கை எங்க இருக்கு? இந்தத் தாளைப் பாத்து அந்த ஓவியத்தை வரைய முடியாது.”

“தாள்ல முடியாது. ஃபைல்ல முடியும்,” என்றாள் அங்குலம். “வட்டம் ஒரு ஜன்னல்தான் மேடம். வெட்டினதா நாம நினைச்சுக்கறோம். படம் முழுசா பின்னாடியே இருக்கும்.”

திரையில் வட்டத்தின் விளிம்பைப் பிடித்து இழுத்தாள். கண் முகமாயிற்று. வலது கன்னத்தில் மச்சம் வந்தது, தோள் வந்தது, இடக்கையில் பேனா வந்தது, கடைசியில் கடல் மாதிரி நிறையத் தண்ணீரும் வந்தது. போட்டி இதழின் அட்டைப்படம் கோட்டுக்குக் கோடு அப்படியே எதிரில் இருந்தது.

“முழுசுமா?” என்றார் ஆசிரியர். “முழுசுமா உள்ள இருக்கும்?”

வெற்றி பெற்றவர் கேட்கிற கேள்வியாக அது இல்லை. பேருந்தை விட்டு இறங்கியபிறகு சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறவரின் குரல் அது. மறுகணம் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அதான் சொல்றேன். ஃபைல் அவகிட்டதானே இருக்கு. நான் ஒரு போன் பண்ணணும்.” போய்விட்டார்.

துப்பறிவாளர் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இந்த ஃபைலை வேற யாராவது வாங்கினாங்களா?”

“திங்கக்கிழமை நாலு மணிக்கு சார் பென் டிரைவ்ல கேட்டார். படமெல்லாம் உள்ளேயே இருக்கணும்னார். வீட்டுல பெரிய திரையில பாக்கணுமாம். நேத்து அதைச் சொன்னேன். நான் அப்படி வாங்கவே இல்லைன்னுட்டார். பென் டிரைவும் அவரோடது. நான் என்னத்தைக் காட்டறது?”

மணி நாலு. வெளியே நடைவழியில் தண்ணீர்க் குடம் இருந்தது. ரேடியோ ஒரு டம்ளர் குடித்துவிட்டு இன்னொன்றைப் பிடித்தான். துப்பறிவாளர் குடிக்கவில்லை. குடத்துக்கு மேலிருந்த அறிவிப்புப் பலகையைப் படித்தார். விடுமுறைப் பட்டியல், தொலைந்துபோன ஒரு குடைக்காக உருக்கமான வேண்டுகோள், அதற்குப் பக்கத்தில் ஒரு போட்டி அறிவிப்பு.

“ரேடியோ, ஆசிரியர் அறையில எத்தனை சான்றிதழ்?”

“பதினொண்ணு. ஆணி பன்னிரண்டு.”

“காலி ஆணியை யாராவது முன்கூட்டியே அடிப்பாங்களா?”

“அடுத்த குழந்தைக்கு முன்கூட்டியே பேரு வைக்கறவங்க இருக்காங்க மேடம்.”

“இதைப் படி.”

அவன் படித்தான். படிக்கப் படிக்க டம்ளர் கையிலேயே நின்றுவிட்டது. படித்து முடித்து, “ஐயோ பாவம்,” என்றான். யாரைச் சொன்னான் என்பது தெரியவில்லை.

நாலரைக்குப் பதிப்பாளர் வந்தார். மெலிந்த மனிதர், எழுபது வயது, பேச்சில் கஞ்சர். ஆசிரியர் அறையில் எல்லோரும் கூடினார்கள். அங்குலம் கதவோரம் நின்றாள். இரண்டு கடிதங்களும் மேசைமேல் பேனாவோடு காத்திருந்தன.

“கையெழுத்துக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிக்கறேன்,” என்ற துப்பறிவாளர் எண்களை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசைமேல் வைத்தார். மறுமுனையில் ஒரு பெண் உற்சாகமாக எடுத்தாள்.

“வணக்கம், இதழ் வடிவமைப்புப் போட்டி அலுவலகம்.”

“வணக்கம்மா. எங்க வார இதழ்ல இருந்து ஒரு பொருளடக்கப் பக்கம் அனுப்பியிருந்தோம். வந்து சேர்ந்துதா?”

ஆசிரியர் பாதி எழுந்தார். பதிப்பாளர் விரலைச் சற்றே உயர்த்த, உட்கார்ந்தார்.

“வந்துருச்சு மேடம். பதிவு எண் முப்பத்தொண்ணு. திங்கக்கிழமை ஆறு பத்துக்கு, கடைசி நேரத்துல வந்தது. விதிப்படி படங்களெல்லாம் உள்ள வெச்சு, திறந்து பாக்கற மாதிரி ஃபைல் அனுப்பியிருக்கீங்க. பாதிப் பேர் அது தெரியாம அனுப்பறாங்க. அன்னிக்கு ராத்திரியே மூணு நடுவருக்கும் அனுப்பிட்டோம். ரொம்ப அழகான பக்கம் மேடம், குறிப்பா அந்தக் கண்ணு!”

“வடிவமைச்சது யாருன்னு பதிவாகியிருக்கு?”

“ஆசிரியர்தான். ‘கருத்து, வடிவமைப்பு, படத்தேர்வு, அனைத்தும் ஆசிரியர் ஒருவரே’ன்னு குறிப்பு இருக்கு. இவ்வளவு பெரிய பொறுப்புல இருந்துக்கிட்டு இதையும் அவரே பண்றாரேன்னு நாங்க பேசிக்கிட்டோம்.”

துப்பறிவாளர் நன்றி சொல்லி போனை வைத்தார்.

“நடுவர்கள் பேர் வெளிய அறிவிப்புப் பலகையில இருக்கு சார்,” என்றான் ரேடியோ பதிப்பாளரிடம். “ரெண்டாவது நடுவர், நேத்து நம்ம செய்தியைப் போட்ட அந்தப் பத்திரிகையோட ஆசிரியர். குடைக்குப் பக்கத்துலயே ஒட்டியிருக்கு.”

பதிப்பாளர் மெதுவாகத் திரும்பினார். “தெரிஞ்சே அனுப்பினியா?”

“அவன் பாக்கணும்னுதான் அனுப்பினேன்!” ஆசிரியர் அடக்கி வைத்திருந்தது உடைந்து வந்தது. “அவன் பத்திரிகையில இப்படி ஒரு பக்கம் வந்திருக்கா? பாத்து வயிறெரியட்டும்னு நினைச்சேன். போன வாரப் பக்கம் சுமார். இந்த வாரந்தான் கண்ணு இருக்கு. ஒரு கண்ணு சார், நாணயத்து அளவு! அதை வெச்சு என்ன பண்ணுவான்னு நினைச்சேன். நடுவர்கள் ரகசியம் காப்பாத்தணும்னு விதியே இருக்கு!”

“பரிசு உங்களுக்குத்தான் சார்,” என்றான் ரேடியோ. “ஒரு நடுவர் இவ்வளவு ஆழமா உள்ள போய் ரசிச்ச பக்கம் வேற இருக்காது.”

“ஆனா திருப்பினது அவதானே? அவ திருப்பாம இருந்திருந்தா…”

“திருப்பாம இருந்திருந்தா அந்தப் பத்திரிகைக்காரங்க சரியான கன்னத்துல மச்சத்தை வரைஞ்சிருப்பாங்க. எப்படிப் போச்சுன்னு நமக்குக் கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது,” என்றார் துப்பறிவாளர். “அதோட, இவங்க திருப்பினாங்கன்னு நீங்க எப்படிச் சொல்ல முடியும்? அனைத்தும் ஆசிரியர் ஒருவரேன்னு எழுத்துல குடுத்திருக்கீங்க. பெருமை வரும்போது பக்கத்துல இவங்க இல்ல. பழி வரும்போது மட்டும் எப்படி வந்தாங்க?”

ஆசிரியர் எதிரே இருந்த கடிதங்களைப் பார்த்தார். டைப் அடித்ததில் ஒரு பிழையும் இல்லை. அதில் அவர் எப்போதுமே கவனமானவர்.

பதிப்பாளர் இரண்டையும் ஒன்றாக மடித்தார், நான்காகக் கிழித்தார், குப்பைக்கூடை தூரமாக இருந்ததால் ஆசிரியரின் டம்ளரில் போட்டார். பிறகு கதவுப் பக்கம் பார்த்தார்.

“உனக்கு என்னம்மா வேணும்?”

“நேத்துல இருந்து இந்த மாடியில நான் நடந்தா எல்லாரும் பேச்சை நிறுத்தறாங்க சார்,” என்றாள் அங்குலம். “நீங்க கிழிச்சது இந்த ரூமுக்குள்ள. அவங்க வெளியில இருக்காங்க. அச்சுல வரணும். இந்த இதழ்லயே.”

“இது வீட்டு விஷயம்!” என்றார் ஆசிரியர். “வாசகனுக்கு எதுக்கு இது?”

“என்னைப் பத்திப் போலீஸுக்கு எழுதும்போது வீட்டு விஷயமா இருந்துதா சார்?”

பதிப்பாளர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். “எழுது.”

அச்சகம் ஐந்து மணிக்குப் பக்கங்களை எதிர்பார்த்தது. பக்கம் கட்டும் அறையில் ஆசிரியர் நின்றபடி எழுதினார். முதலில் வந்தது பதினாறு வரி. ‘எதிர்பாராத தொழில்நுட்பக் காரணங்களால், படைப்பூக்கத்தின் மிகுதியில்’ என்று ஆரம்பித்தது. அவள் வாசித்துவிட்டு, முதல் ஒன்பது வரியைத் தேர்ந்தெடுத்து நீக்கினாள். பிறகு ‘ஏற்பட நேர்ந்தது’ என்று முடிந்த வாக்கியங்களை ஒவ்வொன்றாக நீக்கினாள். கோபமாகச் செய்யவில்லை. தினமும் கட்டுரைகளை இடத்துக்கு ஏற்பக் குறைக்கிற அதே கையால் செய்தாள். வாசலில் ஆறேழு பேர் கூடிவிட்டார்கள். யாரும் பேச்சை நிறுத்தவில்லை.

மூன்றாம் பக்கத்தின் அடியில் கடைசியாக மிஞ்சியது இவ்வளவுதான்:

‘இந்தப் பக்கத்தை வெளியே அனுப்பியவன் நான். வடிவமைத்தவர் வேறொருவர். அவர்மேல் தவறில்லை. — ஆசிரியர்.’

“எழுத்து ரொம்பப் பெரிசா இருக்கேம்மா,” என்றார் ஆசிரியர். ‘அம்மா’ இன்றைக்குத்தான் வந்திருந்தது. “கொஞ்சம் குறைக்கலாமா?”

“குறைக்கலாம் சார்,” என்றவள் எழுத்தின் அளவை இரண்டு புள்ளி கூட்டி, பக்கத்தை அச்சுக்கு அனுப்பினாள்.